லயத்து வீட்டைக் காலி செய்யும் நாள்

கோப்பெங் வட்டாரத்தில் ஒரே கம்பெனியின் கீழ் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவருக்கு ஓய்வு என்றால், இரண்டு செய்திகள் சேர்ந்தே வருகின்றன. சம்பளம் நின்றுவிடுகிறது, குடியிருந்த லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டியிருக்கிறது. வேலியோரம் நாம் நட்ட முருங்கைகூடக் கம்பெனி நிலத்தில்தான் நிற்கிறது!

கம்பெனி பெரியது, நம் காலம் வரை தாங்கும் என்று எண்ணுவது இயல்பே. ஈய லம்பங்களில் வேலை செய்தவர்களும் அப்படித்தான் எண்ணினார்கள். 1985 அக்டோபரில் வெள்ளீய விலை சரிந்தபோது, கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

நமக்கு உள்ள பெரிய கையிருப்பு, 1951-இல் தொடங்கப்பட்ட ஊழியர் சேமநிதி. மாதம் 1,700 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். நம் பங்கு நூற்றுக்கு 11, அதாவது 187 வெள்ளி. முதலாளியின் பங்கு நூற்றுக்கு 13, அதாவது 221 வெள்ளி. ஆக மாதம் 408 வெள்ளி சேர வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்திருந்தால் மட்டும் போதாது. நம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படித்த பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

55 வயதில் அதுவரை சேர்ந்த பணத்தை எடுக்கலாம். ஆனால் 2013 ஜூலை முதல், 60 வயதுக்கு முன் வயதைக் காரணம் காட்டி நம்மை ஓய்வில் அனுப்ப முடியாது. இடையில் உள்ள இந்த ஐந்து ஆண்டுகளில்தான் பல குடும்பங்களின் பணம் கரைகிறது. மகள் திருமணம், மகனுக்கு மோட்டார் சைக்கிள், உறவினருக்குக் கைமாற்று! ஐம்பதாயிரம் வெள்ளி கையில் இருந்தால் பெரும் பணமாகத்தான் தெரியும். அதையே 60 முதல் 80 வயது வரை பிரித்துப் பாருங்கள்: லாப ஈவு சேராமல் மாதம் ஏறக்குறைய 208 வெள்ளி. எடுக்காமல் விட்ட பணத்துக்கு ஆண்டுதோறும் குறைந்தது நூற்றுக்கு இரண்டரை ஈவு தர வேண்டும் என்பது சட்டம். மொத்தமாக எடுக்காமல் மாதாமாதம் எடுக்கவும் வழி உண்டு.

வீட்டைப் பற்றி நாற்பது வயதிலேயே பேசத் தொடங்குவது நல்லது. 2024 மே முதல், 55 வயதுக்கு உட்பட்டவரின் சந்தாவில் நூற்றுக்கு 15 பங்கு போய்ச் சேரும் கணக்கிலிருந்து வீடு வாங்கப் பணம் எடுக்கலாம். பிள்ளைகள் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வேலைக்குப் போயிருந்தால், யார் பெயரில், எந்த ஊரில் வாங்குவது என்பதைக் கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். நம் வீடுகளில் இந்தப் பேச்சைப் பெண்கள் எடுத்தால்தான் நடக்கிறது.

தோட்டத்தை விற்று ஆட்குறைப்புச் செய்தால் அது ஓய்வு அல்ல; கணக்கே வேறு. 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஓர் ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இருபத்தைந்து ஆண்டு என்றால் 500 நாள் சம்பளம். கிராணி நீட்டும் தாளில், அது என்ன பணம் என்று படித்துக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம்.

இன்னொன்று, சேமநிதியில் வாரிசு நியமனம். இளவயதில் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுத்தவர்கள், திருமணத்துக்குப் பின் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அடையாளக் கார்டுகளை எடுத்துக்கொண்டு, சேமநிதி அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போய் வாருங்கள்.