பால்கனித் தடுப்பை யார் திறக்க வேண்டும்?

சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பல்களில் தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே குடும்பம் இரண்டு மூன்று பால்கனி அறைகளை அடுத்தடுத்து எடுப்பது வழக்கமாகிவிட்டது. அறைக்குள் பெட்டியை வைத்ததும் எல்லோரும் பால்கனிக்குத்தான் ஓடுகிறார்கள். அங்கே பக்கத்து அறையையும் இந்த அறையையும் பிரித்தபடி ஆளுயரத் தடுப்பு ஒன்று நிற்கிறது. அதைத் திறந்துவிட்டால் குடும்பம் முழுக்க ஒரே நீளமான பால்கனியில் உட்காரலாம் என்பது நியாயமான ஆசை. அதை நிறைவேற்றிக்கொள்ளும் விதம்தான் பயமாக இருக்கிறது. தடுப்பின் பூட்டில் நாணயத்தையும் கரண்டிக் காம்பையும் நுழைத்துத் திருகுகிறார்கள். அசையவில்லை என்றால் தடுப்பின் வெளி ஓரத்தைச் சுற்றிக் கடல் பக்கமாகக் கையை நீட்டி செல்போனையும் முறுக்குப் பொட்டலத்தையும் கைமாற்றுகிறார்கள். குழந்தையையே அப்படித் தூக்கிக் கொடுக்கத் துணிபவர்களும் உண்டு. முதலில் இதை மட்டுமாவது கேட்டுக்கொள்ளுங்கள்: கைப்பிடிக் கம்பிக்கு வெளியே எதையும், யாரையும், ஒரு நொடிகூடக் கைமாற்றாதீர்கள்.

அந்தத் தடுப்பு ஏன் திறக்கும்படி செய்யப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், அதை யார் திறக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். 2006 மார்ச் 23ஆம் தேதி அதிகாலை, கிராண்ட் கேமனிலிருந்து ஜமைக்காவின் மாண்டிகோ பே நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. அணைக்காமல் எறியப்பட்ட சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணம் என்பது விசாரணையின் முடிவு. பால்கனிகளுக்கு இடையிலிருந்த தடுப்புகள் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. நாற்காலி மேசைகளும் பிளாஸ்டிக். தீ ஒரு பால்கனியிலிருந்து அடுத்ததற்குத் தாவி, சில நிமிடங்களில் மேல் தளங்களுக்கும் ஏறியது. கரும்புகையால் ஒரு பயணி இறந்தார். அதற்குப் பிறகுதான் கடல் பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான 'சோலாஸ்' திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தின்படி, 2008 ஜூலை 1 முதல் கட்டப்படும் பயணிகள் கப்பல்களில் பால்கனித் தடுப்பு எரியாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். அதோடு, கப்பலின் பாரத்தைத் தாங்காத தடுப்பாக இருந்தால், தீயணைப்பதற்காகக் கப்பல் பணியாளர்கள் இரு பக்கத்திலிருந்தும் அதைத் திறக்க முடிய வேண்டும். ஆக, அந்தப் பூட்டு பணியாளருக்காகவும் நெருப்புக்காகவும் வைக்கப்பட்டது. குடும்பங்களுக்காகத் திறந்துவிடுவது கப்பல்காரர்கள் செய்யும் உபகாரம். உபகாரத்தைக் கேட்டுப் பெறலாம்; உரிமையாக எண்ணி உடைத்துப் பெறக் கூடாது.

"ஊழியர் திறக்கலாம் என்றால் நான் திறந்தால் என்ன, அதே கதவுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அதே கதவுதான். ஆனால் ஊழியர் திறக்கும்போது அதை ஓரமாகத் தள்ளி, கொக்கி மாட்டி, ஆடாமல் நிறுத்திவிட்டுப் போகிறார். காற்று வலுத்தால் மறுபடி மூட வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். கரண்டியால் திறந்தவருக்கு இந்த இரண்டும் தெரியாது. ஓடும் கப்பலின் பக்கவாட்டுக் காற்றில் கொக்கியில்லாத ஒரு பலகை எவ்வளவு வேகத்தில் அடிக்கும் என்பதைக் கதவிடுக்கில் விரல் நசுங்கிய யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். திருகித் திருகித் தேய்த்த பூட்டு, நாளை உண்மையிலேயே தீ வந்தால் பணியாளரின் சாவிக்குத் திறக்காமல் போகலாம். அப்போது ஆபத்து உங்கள் குடும்பத்தோடு நிற்காது. அந்த வரிசையில் தூங்கும் அத்தனை பேருக்கும்தான்.

சரியான வழி புக்கிங் நாளிலேயே தொடங்குகிறது. பலர் கோட்டை விடுவதும் இங்கேதான். அடுத்தடுத்த அறைகள், உள்ளே கதவால் இணைந்த அறைகள், பால்கனித் தடுப்பு திறக்கக்கூடிய அறைகள் ஆகிய மூன்றும் வேறு வேறு. ட்ராவல் ஏஜென்ட் "பக்கத்துப் பக்கத்து ரூம்தான் சார்" என்று சொன்னால் அது முதல் வகைக்கு மட்டுமே உறுதி. எல்லாத் தடுப்புகளும் திறக்காது. சில இடங்களில் நிற்பது கப்பலின் பாரத்தைத் தாங்கும் எஃகுச் சுவர். அதை எந்தச் சாவியாலும் திறக்க முடியாது. 2008க்கு முன் கட்டிய கப்பல் என்றால் திறக்கும் தடுப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே கப்பலின் பெயர், அது கட்டப்பட்ட ஆண்டு, இரண்டு அறைகளின் எண்கள் மூன்றையும் குறிப்பிட்டு, "இந்த இரு பால்கனிகளுக்கு இடையிலான தடுப்பைப் பணியாளர் திறக்க முடியுமா?" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள்; பதில் எழுத்தில் வர வேண்டும். அறை எண்ணைக் கப்பல் நிறுவனமே பிறகு ஒதுக்கும் மலிவுக் கட்டணத்தில் புக் செய்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இரண்டு அறைகள் இரண்டு தளங்களில் கிடைத்தாலும் வாயைத் திறக்க முடியாது. பல கப்பல்களில் இரட்டைப்படை எண்கள் ஒரு பக்கமும் ஒற்றைப்படை எண்கள் மறுபக்கமும் இருக்கும். 8120க்குப் பக்கத்து அறை 8122. 8121 கப்பலின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். தளத்தின் வரைபடத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்பி வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். இரண்டு புக்கிங் எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். தடுப்புக் கோரிக்கையை இரண்டிலும் பதியச் சொல்லுங்கள். உறுதிச் சீட்டு வந்ததும் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். அது 'கோரிக்கை' என்று மட்டும் இருந்தால் உத்தரவாதம் அல்ல. தடுப்பு திறப்பதுதான் உங்களுக்கு முக்கியம் என்றால், பணம் கட்டுவதற்கு முன்பே உத்தரவாதமாக எழுதி வாங்குங்கள்.

கப்பலில் ஏறிய நாளன்று உங்கள் அறையைப் பார்த்துக்கொள்ளும் கேபின் பணியாளர் கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொள்வார். கேட்க வேண்டியது அவரிடம்தான். இரண்டு அறைக்காரர்களும் சேர்ந்து கேளுங்கள். இரு பக்கத்தின் சம்மதமும் தெரியாமல் அவர் திறக்க மாட்டார், திறக்கவும் கூடாது. அவரிடம் சாவி இல்லையென்றால் பராமரிப்புப் பிரிவைக் கூப்பிடுவார். மாலை வரை யாரும் வரவில்லை என்றால் வரவேற்பறை மேசைக்குப் போய் அறை எண்களைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதே மேசையில் முடிக்க வேண்டிய வேலை இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் செய்வதில்லை. ஒவ்வோர் அறையிலும் பெரியவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதற்காகக் காகிதத்தில் ஒரு மாதிரி புக் செய்துவிட்டு, ஏறிய பிறகு பிள்ளைகளை ஓர் அறையிலும் பெரியவர்களை இன்னோர் அறையிலும் படுக்க வைக்கிறார்கள். அவசர காலத்தில் யார் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பது காகிதத்தில் உள்ள அறையின்படிதான் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் பெயர் ஓரிடத்திலும் குழந்தையின் பெயர் வேறிடத்திலும் இருந்தால், அபாயச் சங்கு ஊதும்போது நெரிசலில் ஒருவரையொருவர் தேடி அலைவீர்கள். யார் எந்த அறையில் தூங்குகிறார்கள் என்பதை மேசையில் சொல்லித் திருத்துங்கள். அறைச் சாவி அட்டைகளையும் அதற்கேற்ப மாற்றி வாங்குங்கள்.

தடுப்பு திறந்தாயிற்று. இனிமேல் இரண்டு அறைகளையும் ஒரே வீடாக எண்ணிப் பூட்ட வேண்டும். ஓர் அறையின் பால்கனிக் கதவைத் தாளிட்டுவிட்டுக் குழந்தை பத்திரம் என்று அம்மா குளிக்கப் போகிறார். பக்கத்து அறையில் தாத்தா காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். குழந்தை உள் இணைப்புக் கதவு வழியாகவோ நடைபாதை வழியாகவோ அந்த அறைக்குள் போனால் இரண்டு பால்கனிகளும் அதன் கையில். ஆகவே பால்கனிக் கதவுகளுக்கு ஒரே ஆள் பொறுப்பு என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். அமெரிக்கத் துறைமுகங்களில் பயணிகளை ஏற்றி இறக்கும் கப்பல்களில் கைப்பிடிக் கம்பி குறைந்தது 42 அங்குல உயரம் இருக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; ஏறத்தாழ 107 சென்டிமீட்டர். தரையில் நிற்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு அது போதும். அதே குழந்தை நாற்காலியில் ஏறினால் கம்பி மார்புக்குக் கீழே இறங்கிவிடும். தடுப்பைத் திறந்ததும் இரண்டு பால்கனிகளின் நாற்காலிகளும் மேசைகளும் ஒரே வரிசையில் சேர்கின்றன, கம்பியோரமாக அடுக்குகிறோம். அவற்றைச் சுவர்ப் பக்கம் தள்ளுங்கள், ஆளில்லாதபோது உள்ளே எடுத்து வையுங்கள், அதிகப்படியானதை எடுத்துப் போகுமாறு பணியாளரிடம் சொல்லுங்கள். கம்பியோரம் நாற்காலி வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், கம்பியோரம் நாற்காலி வேண்டாம்.

"நாங்கள் எல்லோரும் அங்கேயே உட்கார்ந்திருக்கப் போகிறோம், இவ்வளவு பயம் எதற்கு?" என்பது அடுத்த கேள்வி. உட்கார்ந்திருக்கும் வரை சரிதான். எல்லோரும் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறார்கள் என்பதைக் கல்யாண வீடுகளில் குழந்தை தொலைவதிலிருந்தே நாம் அறிவோம். இரண்டு வயது மூன்று வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பம் பால்கனி இணைப்பைத் தேடவே வேண்டாம் என்பது என் முடிவு. அவர்களுக்கு ஏற்றது உள்ளே கதவால் இணைந்த அறைகள். இரவில் குழந்தை அழுதால் அறைக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். பால்கனிக் கதவைத் திறக்கவே தேவையில்லை. தடுப்பு மூடியிருந்தால் கெட்டுவிடப்போவது ஒன்றும் இல்லை.

பால்கனியில் நெருப்பு எந்த வடிவத்திலும் கூடாது. சிகரெட் கூடாது என்பது தெரிந்தும் பிடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை என்று ஊதுபத்தியோ விளக்கோ ஏற்றுவதும் அதே குற்றம்தான். சாமி கும்பிட நெருப்பு கட்டாயமில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் அந்நியர்கள் என்றால் வேறொரு கவனம் வேண்டும். முந்தைய பயணத்தில் திறந்த தடுப்பு சரியாகப் பூட்டப்படாமல் இருக்கலாம். ஏறியதும் ஒருமுறை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் உடனே பணியாளரைக் கூப்பிடுங்கள்.

எழுதிக் கொடுத்த வாக்குறுதியை நிறைவேற்றவில்லை என்றால் ஊருக்கு வந்து புலம்பிப் பயனில்லை. கப்பலில் இருக்கும்போதே வரவேற்பறை மேசையில் புகாரைப் பதிந்து நகல் கேளுங்கள். தர மறுத்தால் அன்றே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், தேதியோடு சாட்சியாக நிற்கும். மூடிய தடுப்பையும் அறை எண் பலகையையும் படம் எடுத்து வையுங்கள். இந்தியாவில் உள்ள ஏஜென்டிடம் பணம் கட்டியிருந்தால், ஜிஎஸ்டி ரசீதும் அந்த எழுத்துப்பூர்வ உறுதியும் கையில் இருக்கட்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அதில் தீரவில்லை என்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை; இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே தாக்கல் செய்யலாம். காலக்கெடு 2 ஆண்டுகள். சிங்கப்பூரில் வாங்கியவர்களுக்குச் சிறு கோரிக்கைகள் தீர்ப்பாயம் இருக்கிறது. 20,000 சிங்கப்பூர் டாலர் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், அதற்கும் 2 ஆண்டுகள்தான்.

காயம் ஏற்பட்டால் கணக்கே வேறு. பயணச் சீட்டோடு வரும் ஒப்பந்தத்தின் பொடி எழுத்து உங்களைக் கட்டும். எந்த ஊரில் வழக்குப் போட வேண்டும் என்று சீட்டில் அச்சிட்டிருந்த விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் கார்னிவல் நிறுவனம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் பயணங்களின் ஒப்பந்தங்களில் 6 மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்பு, 1 ஆண்டுக்குள் வழக்கு என்ற கெடுவைச் சாதாரணமாகக் காணலாம். ஆகவே கதவில் விரல் நசுங்கினாலும் கப்பலின் மருத்துவ அறைக்குப் போய்ப் பதிவு செய்து சீட்டை வாங்குங்கள். தடுப்பைத் திறந்தது பணியாளர் என்றால் அவரது பெயரையும் திறந்த நேரத்தையும் அன்றே குறித்து வையுங்கள். நீங்களே கரண்டியால் திறந்திருந்தால் அந்தக் காகிதங்களையெல்லாம் உங்களுக்கு எதிராகவே நிறுவனம் நீட்டும்.