அலமாரிக்குள் ஒரு கத்திரி வெயில்

பால்கனியில் வெயிலே விழாத அடுக்குமாடி வீட்டில், பழைய அலமாரிக்குள் க்ரோ லைட் மாட்டிக் கீரை போடுகிறீர்கள். விதை முளைக்கும், நாலு நாள் பச்சைப்பசேலென்று இருக்கும். அப்புறம் ஒரு மத்தியானம் கதவைத் திறந்தால், இட்லிப் பானை மூடியைத் தூக்கியது போல முகத்தில் அனல் அடிக்கும். "எல்.இ.டி. சூடாகாது என்றாரே கடைக்காரர்?" என்ற சந்தேகம் அப்போதுதான் வரும்.

அவர் சொன்னது பாதி உண்மை. பழைய சோடியம் விளக்கைப் போல எல்.இ.டி. அனலை இலைமேல் கொட்டுவதில்லை. அதன் சூடு முதுகிலுள்ள அலுமினியத் தகட்டில் ஏறிக் காற்றில் கலக்கிறது. வெளிச்சமாகக் கிளம்பியதும் சுவரிலும் இலையிலும் பட்டுக் கடைசியில் சூடாகத்தான் மாறும். செடி உணவாகச் சேர்த்துக்கொள்வது சொற்பம். ஆக, 100 வாட் இழுக்கும் விளக்கு என்பது அலமாரிக்குள் வைத்த 100 வாட் ஹீட்டர். எத்தனை வாட் என்பதற்கு அட்டைப்பெட்டியை நம்பாதீர்கள். '1000 வாட்' என்று அச்சடித்த மலிவு விளக்குகள் பல, உண்மையில் 100 வாட்டுக்குப் பக்கத்தில்தான் இழுக்கின்றன. பிளக்கில் செருகும் சின்ன மீட்டர் நிஜத்தைச் சொல்லிவிடும்.

அந்தச் சூட்டைக் காற்றுதான் சுமந்து வெளியே போக வேண்டும். 100 வாட் சூட்டை ஏற்றிக்கொண்டும் காற்று 3 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க, மணிக்குச் சுமார் 100 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். கம்ப்யூட்டர் கேபினட்டில் இருக்கும் 120 மில்லிமீட்டர் ஃபேன், காகிதக் கணக்கில் இதற்குப் போதும். முன்னால் வலையும் சின்ன ஓட்டையும் வந்துவிட்டால் போதாது; இரண்டாக மாட்டுங்கள். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் வெளியேற்றும் ஃபேன் உச்சியில், காற்று நுழையும் வழி எதிர்ப்பக்கம் அடியில். நுழைவழி சிறுத்தால் ஃபேன் வெறுமனே இரைந்துகொண்டிருக்கும். உள்ளே சுழலும் குட்டி ஃபேன் இலைக்கு நல்லது, சூட்டை அது வெளியேற்றாது. ஒயர் எட்டினால், விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டியையும் வெளியே வைத்துவிடுங்கள். அதன் சூடு உள்ளே சேராது.

ஐஸ் பாட்டில் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது விழுங்குவது, 100 வாட் விளக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கக்கும் சூட்டைத்தான். அந்த ஐஸை உறைய வைக்க ஃபிரிட்ஜ் உங்கள் சமையலறையைச் சூடாக்கியிருக்கும்! ஈரச் சாக்கும் வேண்டாம். கடலோர ஊர்ப் புழுக்கத்தில் அது நாற்றழுகலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது.

ஃபேனுக்கு ஓர் எல்லை உண்டு. நுழையும் காற்றைவிடக் குளிர்ச்சியாக அது எதையும் ஆக்காது. சென்னையில் மே மாதம் அறையே 34 டிகிரி என்றால் அலமாரி 37. அதனால் பகலை விட்டுவிட்டு, மாலை 6 மணி முதல் காலை 8 வரை டைமரில் விளக்கை எரியவிடுங்கள். செடிக்கு ராத்திரி எது என்று தெரியாது. பயிரையும் பார்த்துப் போடுங்கள். கோடையில் லெட்யூஸோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை, கொத்தமல்லியும் சீக்கிரம் பூத்துவிடும். தண்டுக்கீரை 35 டிகிரியிலும் சளைக்காது.

தெர்மாமீட்டரை இலை மட்டத்தில், விளக்கொளி நேரே படாமல் ஓர் அட்டை நிழலில் தொங்கவிடுங்கள். வெளிச்சம் பட்டால் அது பொய் சொல்லும். அது இல்லையென்றால், இலை உயரத்தில் புறங்கையை அரை நிமிடம் நீட்டிப் பாருங்கள். சுட்டால் விளக்கை ஒரு சாண் உயர்த்துங்கள். இலையோரம் மேல்நோக்கிச் சுருண்டாலும் அதையே செய்யுங்கள்.

ஃபேன் என்றைக்காவது ஒருநாள் நிற்கும், விளக்கு பாட்டுக்கு எரியும். இரண்டு நாள் ஊருக்குக் கிளம்பினால்கூட விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள்.