உடலுக்குள் எரியும் சோறு

உண்ட சோறு உடலுக்குள் எரிகிறது என்பது வெறும் பேச்சுவழக்கு அல்ல. 1780களில் பிரான்சின் விஞ்ஞானிகள் லவாய்சியரும் லாப்லாசும், பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்துக்குள் கினிப்பன்றியை வைத்து, அதன் உடல்வெப்பத்தில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். அது வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடின் அளவுக்குக் கரியை எரித்தால் கிடைக்கும் வெப்பத்தோடு அந்தக் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. சுவாசமும் ஒருவகை எரிதல்தான், ஆனால் மெதுவானது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அப்படியானால் உடல் ஏன் வெந்துபோவதில்லை என்று கேட்கலாம். சோறு செரித்துக் கிடைக்கும் குளுக்கோஸை, செல் ஒரேயடியாக எரிப்பதில்லை என்பதே காரணம். முதலில் அதை பைருவேட் என்ற இரண்டு சிறு மூலக்கூறுகளாக உடைக்கிறது. பிறகு செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பில் படிப்படியாகச் சிதைத்து, அதன் எலெக்ட்ரான்களைக் கைமாற்றிக் கைமாற்றி ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல், புரோட்டான்களை ஒரு சவ்வின் மறுபக்கம் தள்ளிக் குவிக்கிறது. அணை நீர் பாய்ந்து மின்சாரம் பிறப்பதுபோல, அவை திரும்பிப் பாயும்போது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961இல் இந்த விளக்கத்தைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. சோதனைகள் அவர் பக்கம் நின்றன, 1978இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஒரு குளுக்கோஸிலிருந்து சுமார் 30 ஏடிபி கிடைக்க, பாதிக்கும் மேற்பட்ட ஆற்றல் வெப்பமாகிவிடுகிறதே, அது வீண்தானே என்றால், இல்லை. நம் உடலை 37 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருப்பது அந்த வெப்பம்தான். ஆக, அடுப்புக்கும் செல்லுக்கும் உள்ள வேறுபாடு எரிபொருளில் இல்லை. எரிக்கும் முறையில்தான் இருக்கிறது.