பல்லைக் கூரையில் வீசிய பிறகு வந்த புத்தி

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி ஹாக்கி அணியில் ஆடுகிறாள். போன வருடம் அவள் போட்டிக்குத் தேர்வானதும், சீட்டுப் பணத்தை எடுத்து மட்டையும் ஷூவும் வாங்கிக் கொடுத்தோம். அதோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் மாலை, பயிற்சியின்போது பந்து எகிறி அவள் வாயில் பட்டுவிட்டது. முன்பல் ஒன்று வேரோடு விழுந்துவிட்டது. அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் மாமியாரோ, பால்பல் விழுந்தால் செய்வதுபோல அந்தப் பல்லைக் கூரைமேல் வீசிவிட்டார். மறுநாள் தருமபுரியில் பல் டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "பல் எங்கேம்மா?" என்பதுதான்.

முளைத்து நிலைத்த பல் விழுந்தால், வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுத்து, குளிர்ந்த பாலில் போட்டு, அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டாம். பால் வீட்டிலேயே இருந்தது. விஷயம்தான் தெரியவில்லை.

"போதும் இந்த ஆட்டம். நாளைக்கு ஒருத்தன் வீட்டுக்குப் போற பொண்ணு" என்றார் மாமியார். என் கணவரும் தலையாட்டினார். மகள் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கனடாவில் இருக்கும் என் தங்கை போன் செய்தாள். அவள் மகள் அங்கே 'லாக்ராஸ்' ஆடுகிறாளாம். வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் பழைய விளையாட்டு அது. 1994-ல் கனடா அதைத் தன் கோடைக்கால தேசிய விளையாட்டாகச் சட்டமே போட்டிருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் ஆண், பெண் இரு பாலாருக்கும் சேர்த்திருக்கிறார்கள்.

மட்டையின் நுனியில் சின்ன வலைப்பை இருக்கும். அதில் பந்தை ஏந்தி ஓட வேண்டும், எறிய வேண்டும், பிடிக்க வேண்டும். பந்து கெட்டி ரப்பர்; எடை சுமார் 145 கிராம். ஆண்கள் ஆட்டத்தில் இடித்துத் தள்ளுவதும் உண்டு என்பதால் முகக்கம்பி வைத்த ஹெல்மெட், கையுறை, தோள் காப்பு எல்லாம் போடுகிறார்கள். பெண்கள் மைதானத்தில் ஆடும்போது கண் காப்பும் வாய்க் காப்பும் கட்டாயம். கோல் காப்பவளுக்கு ஹெல்மெட், கழுத்துக் காப்பு, மார்புக் கவசமும் உண்டு.

"அக்கா, வாய்க்காப்பு இல்லேன்னா புள்ளைய மைதானத்துல இறங்கவே விடமாட்டாங்க" என்றாள் தங்கை. எனக்குச் சுருக்கென்றது. நம் ஹாக்கிப் பந்து அதைவிடக் கனம், 160 கிராம் பக்கம் வரும். நாங்களோ மட்டையைக் கொடுத்து, வாயைத் திறந்தபடி அனுப்பியிருக்கிறோம்!

அன்று இரவே கணவரிடம் பேசினேன். "வண்டியில விழுந்தா வண்டியையா விக்கிறோம்? ஹெல்மெட் தானே வாங்குறோம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், அந்த வாரமே தருமபுரிக்குப் போய் வாய்க் காப்பும் முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பும் வாங்கி வந்தார். வாய்க் காப்பு இருநூறு ரூபாய்க்குள்தான். அட்டையில் போட்டிருக்கும் நேரம்வரை வெந்நீரில் வைத்து, எடுத்துக் கடித்தால் பல்லின் அச்சுக்குப் படிந்துவிடுகிறது. ஆடி முடித்ததும் குளிர்ந்த நீரில் கழுவி, காற்றோட்டமான டப்பாவில் வைக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குப் பொருந்துகிறதா என்று அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

இப்போது மகள் மறுபடியும் ஆடுகிறாள். கழற்றி மாட்டும் பல்தான் வைத்திருக்கிறாள். வளர்ச்சி முடிந்த பிறகு நிரந்தரமாக வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பை எடுத்துக் கிளம்பும்போது, "வாய்க்குப் போடுறத எடுத்துக்கிட்டியா கண்ணு?" என்று கேட்பது என் மாமியார்தான்!

சகோதரிகளே, பெண் பிள்ளை விளையாடப் போனால் தடுக்காதீர்கள். மட்டை வாங்கும் அன்றே வாய்க் காப்பையும் சேர்த்து வாங்குங்கள். பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.

- ஒரு வாசகி, பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.