கொப்பரையில் பீன்ஸ், சதுக்கத்தில் ஆரஞ்சு: இவ்ரேயாவின் கார்னிவல்

இவ்ரேயாவில் கார்னிவல் ஞாயிறு, முதல் ஆரஞ்சு பறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே, பெரிய கொப்பரைகளுக்கு முன்னால் நிற்கும் வரிசையோடு தொடங்கிவிடுகிறது. காய்ந்த பீன்ஸ், வெங்காயம், பன்றித் தொத்திறைச்சி, மசாலா தடவிச் சுருட்டிக் கட்டிய பன்றித்தோல் எல்லாம் சேர்ந்து இரவு முழுக்க வெந்து குழைந்திருக்கும். குளிர் போகாத காலையில் அந்தக் குழம்பை இலவசமாக ஊற்றித் தருகிறார்கள். 'கொழுப்புப் பீன்ஸ்' என்பது ஊரார் அதற்கு வைத்த பெயர். இடைக்காலத்தில் கோயில் சகோதரச் சங்கங்கள் ஏழைகளுக்குச் சோறிட்ட வழக்கத்தின் தொடர்ச்சி அது. தவக்காலத்தின் நாற்பது நாள் புலால் மறுப்புக்கு முன், இல்லாதவரும் ஒரு வேளையாவது கறியும் கொழுப்புமாக வயிறாரச் சாப்பிட வேண்டும் என்ற ஏற்பாடு.

வடக்கு இத்தாலியில், டூரின் நகரத்துக்கு வடக்கே, தோரா பால்த்தேயா ஆற்றங்கரையில் இருக்கிறது இவ்ரேயா. ரோமானியர் காலத்து ஊர். 1002இல் இத்தாலியின் அரசராக முடிசூடிய ஆர்துயீன் ஆண்ட இடம். 1908இல் தொடங்கிய ஒலிவெட்டி நிறுவனத்தின் தட்டச்சுப் பொறிகள் இங்கிருந்துதான் உலகெங்கும் போயின. இருந்தும் வெளியுலகம் இந்த ஊரை அறிந்திருப்பது ஆரஞ்சுச் சண்டையால். செய்தித்தாள்களில் வரும் படமும் அதுதான். படத்தில் தெரியாத ஒன்று உண்டு: இந்தத் திருவிழாவின் மையச் சடங்குகள் ஒரே விஷயத்தைத்தான் நினைவூட்டுகின்றன. அது, கொடுங்கோலனுக்குத் தலைவணங்க மறுத்தது.

கதை இது. ஊரில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும் மணப்பெண் முதலில் கோட்டைக்கு வர வேண்டும் என்று ஒரு பிரபு கட்டளை போட்டிருந்தான். மாவரைப்பவரின் மகள் வயலெட்டா அதற்குப் பணியவில்லை. கோட்டைக்குள் போய் அவன் தலையை வெட்டினாள். ஊர் திரண்டு எழுந்து கோட்டையை எரித்தது. வரலாறு இவ்வளவு விவரம் சொல்வதில்லை. 1194இல் பியாந்திராத்தே பிரபுவுக்கு எதிராக மக்கள் கிளர்ந்து கோட்டையைத் தகர்த்தது மட்டும் நிஜம். வயலெட்டா வேடமிட்ட பெண் முதன்முதலில் ஊர்வலம் வந்தது 1858இல்தான். இத்தாலி ஒரே நாடாக ஒன்றுபடத் துடித்துக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளை அங்கி, பச்சைப் பட்டை, சிவப்புக் குல்லாய் என்று அவள் உடுப்பிலேயே தேசக்கொடியின் மூன்று நிறங்களும் இருக்கின்றன. அதனால் கதை பொய்யாகிவிடாது என்பேன். அடங்காத ஒரு பெண்ணைத் தங்கள் விடுதலையின் முகமாகத் தேர்ந்தெடுத்ததே அந்தத் தலைமுறையைப் பற்றி நமக்கு நிறையச் சொல்கிறது.

அதற்கு அரை நூற்றாண்டு முன், நெப்போலியன் ஆட்சியின்போது, ஊரின் ஐந்து பேட்டைகளும் தனித்தனியே நடத்திய கார்னிவல்கள் அடிக்கடி கைகலப்பில் முடிந்தன. 1808இல் அவற்றை ஒன்றாக்கி, பொறுப்பை ஊர்க்காரர் ஒருவரிடம் விட்டார்கள். பிரெஞ்சு ராணுவ உடையில் இன்றும் வலம் வரும் 'ஜெனரல்' அவருடைய வழித்தோன்றல்.

சண்டைக்கு முன் இன்னொரு சடங்கு உண்டு. ஞாயிறு காலையில், இடைக்கால நகரத் தலைவரின் வேடத்தில் இருப்பவர், இடிந்த கோட்டையின் கல் ஒன்றை ஆற்றுக்குள் எறிவார். அந்தக் கோட்டையை இனி யாரும் கட்ட விடமாட்டோம் என்ற பழைய சபதத்தின் அடையாளம் இது.

ஆரஞ்சு வந்த வழி மென்மையானது. 19ஆம் நூற்றாண்டில் மாடத்தில் நின்ற இளம்பெண்கள், கீழே வண்டியில் போகும் இளைஞர்களின் கண்ணில் படுவதற்காக மிட்டாயோடு அப்போது அரிய பண்டமாக இருந்த ஆரஞ்சையும் வீசினார்கள். அவர்கள் திருப்பி வீச, விளையாட்டு முற்றிப் போராகிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதற்கு ஒழுங்கான விதிகள் வந்தன. குதிரை வண்டிகளில் தலைக்கவசத்தோடு வருபவர்கள் பிரபுவின் காவலர்கள். எந்தக் கவசமும் இல்லாமல் தரையில் நின்று எறிபவர்கள் மக்கள். அவர்களில் ஒன்பது அணிகள் இருக்கின்றன. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளர்ந்தெழுந்த உழவர்களின் பெயரைத் தாங்கிய துக்கீனி அணி, ஆற்றுக்கு அக்கரைப் பேட்டையைச் சேர்ந்தது. ஞாயிறு தொடங்கி மூன்று நாள் பிற்பகலும் சதுக்கங்கள் ஆரஞ்சுச் சேறாகிவிடும். கண் வீங்கி, மூக்கில் ரத்தம் வழிய நிற்பவரை, வண்டியில் இருந்து அடித்தவரே கைநீட்டிப் பாராட்டுவதும் உண்டு.

உணவை இப்படி வீணாக்கலாமா என்ற கேள்வி எழத்தான் செய்யும், எழ வேண்டியதும்கூட. பழங்கள் தெற்கு இத்தாலியில் இருந்து வருகின்றன. கடையில் விலைபோகாத, மிஞ்சிய பழங்களையே வாங்குவதாக விழாக்காரர்கள் சொல்கிறார்கள். மிச்சத்தை உரமாக்குகிறார்கள். எனக்கு இந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் அதே விழா ஊருக்கே இலவசமாகப் பீன்ஸ் வழங்குவதையும் சேர்த்துப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை, புதிதாகக் கல்யாணமான தம்பதிகள் ஒவ்வொரு பேட்டையிலும் மண்வெட்டியால் முதல் குழியை வெட்டுவார்கள். காய்ந்த செடிகளைச் சுற்றிய உயரமான கம்பங்கள் அங்கே நடப்பட்டு, செவ்வாய் மாலையில் கொளுத்தப்படும். தீ விறுவிறுவென்று உச்சிக்கு ஏறினால் நல்ல சகுனம். பிறகு ஜெனரலும் அவருடைய அதிகாரிகளும் வாள்நுனி கல்தரையில் உரச, கார்னிவல் முடிந்ததற்கான சோக ஊர்வலம் போவார்கள். அடுத்த வருடக் கார்னிவலின் வியாழக்கிழமை ஒரு மணிக்குச் சந்திப்போம் என்று சொல்லி ஊரார் ஒருவரிடம் ஒருவர் விடைபெறுவார்கள். மறுநாள் சாம்பல் புதன், புலால் கிடையாது. ஆற்றுக்கு அக்கரைப் பேட்டையில் மக்காச்சோளக் களியும் வெங்காயம் போட்டுச் சமைத்த காட் கருவாடும் பரிமாறுவார்கள்.

ஈஸ்டரைப் பொறுத்துத் தேதி ஆண்டுதோறும் மாறும். போக நினைப்பவர்கள் சாம்பல் புதன் எந்த நாளில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் கால் வைத்ததும் சிவப்புக் குல்லாய் ஒன்றை வாங்கித் தலையில் மாட்டிக்கொள்ளுங்கள். குல்லாய் இல்லாத தலை ஆரஞ்சுக்கு இலக்காகும். சண்டையைப் பாதுகாப்பு வலைக்குப் பின்னால் நின்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடியலிலேயே எழுந்து பீன்ஸ் வரிசையில் நின்றுவிடுங்கள்.