ஆறு இடம் மாற்றிய பட்டினம்

ஐக்கிய அமெரிக்காவின் தேசப்படத்திலே இலினோய், மிசூரி ஆகிய இரு மாநிலங்களுக்கும் மிசிசிப்பி ஆறு எல்லையாக ஓடுவதைக் காணலாம். ஆயின் காஸ்காஸ்கியா என்னும் சிற்றூர் மட்டும் ஆற்றுக்கு மேற்கே, மிசூரிப் பக்கத்தில் இருந்துகொண்டே, இலினோய்க்கு உரியதாய் விளங்குகின்றது. இதனை அச்சுப்பிழையென மாணவர் கருதினும் வியப்பில்லை.

1703ஆம் ஆண்டில் காஸ்காஸ்கியா என்னும் பழங்குடி மக்களும் பிரெஞ்சு யேசுசபைக் குருமாரும் இங்கே குடியேறினர். மேற்கே மிசிசிப்பி, கிழக்கே அதன் கிளையாறாகிய காஸ்காஸ்கியா, இடையே வண்டல் படிந்த தாழ்நிலம். அங்கு விளைந்த கோதுமை படகேறி நியூ ஓர்லியன்சுக்குச் சென்றது. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயி ஆலயமணியொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அதில் 1741 எனப் பொறிக்கப்பட்டுள்ளது. 1818இல் இலினோய் மாநிலமானபோது இவ்வூரே அதன் முதல் தலைநகர். அப்பெருமை ஈராண்டே நிலைத்தது.

பின்னர் நீராவிப் படகுகள் பெருகின. அவற்றின் கொதிகலன்களுக்கு விறகு வேண்டிக் கரையோரக் காடுகளை வெட்டித் தள்ளினர். வேரின் பிடிப்பை இழந்த கரைகள் சரிந்தன, ஆறு அகன்றது. ஆற்றை மட்டும் குறைகூறுதல் முறையன்று. 1844இல் பெருவெள்ளம் ஊரைப் பாழாக்கிற்று. 1881இல் மிசிசிப்பி, ஊருக்கு மேலே இருந்த ஒடுங்கிய நிலத்தை அறுத்துக்கொண்டு கிளையாற்றின் படுகையிற் பாய்ந்தது. மேற்கே ஓடிய பேராறு அன்றுமுதல் கிழக்கே ஓடலாயிற்று. பழைய பட்டினம் சிறிது சிறிதாக நீருள் மறைந்தது. 3,000க்கும் மேற்பட்டோரின் எலும்புகளைத் தோண்டியெடுத்து, எதிர்க்கரைக் குன்றில் மீண்டும் அடக்கஞ் செய்தனர்.

மாநில எல்லையோ பழைய தடத்திலேயே நின்றுவிட்டது. எஞ்சியோர் தெற்கே நகர்ந்து ஆலயத்தைக் கட்டினர். லூயி மன்னரின் மணி இன்றும் அங்குள்ளது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அவ்வூரில் வாழ்ந்தோர் 21 பேர்.