கதவை மூன்று முறை தட்டுங்கள்!

‘நெருங்கிப் பழகுகிறோம்... நமக்குள்ளே என்ன ஃபார்மாலிட்டி?’ என்று கேட்பவரா நீங்கள்? கொஞ்சம் ஜாக்கிரதை! வீட்டில் மூளுகிற பல சண்டைகள் அந்த ‘நமக்குள்ளே என்ன?’விலிருந்துதான் கிளம்புகின்றன.

‘தி பிக் பேங் தியரி’ என்ற அமெரிக்க டி.வி. காமெடித் தொடரைப் பார்த்திருக்கிறீர்களா? 2007 முதல் 2019 வரை, 279 எபிசோடுகள் ஓடிய தொடர். கலிஃபோர்னியாவில் பாசடேனா என்ற ஊரில், ஒரே ஃப்ளாட்டில் குடியிருக்கும் இரண்டு இயற்பியல் விஞ்ஞானிகள்தான் ஷெல்டனும் லெனார்டும். ஷெல்டனுக்கு எல்லாமே அட்டவணைப்படி நடக்கணும். சோபாவில் அவன் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் போச்சு! லெனார்டோ ‘சரி, விட்டுத் தொலை’ ரகம். எலியும் பூனையுமான இந்த இரண்டு பேரிடம் நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

நல்லது செய்வதற்கும் அனுமதி வேண்டும்

இரண்டாவது எபிசோடு. ‘ஃபர்னிச்சர் வரும், வாங்கி வையுங்கள்’ என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள் எதிர் ஃப்ளாட் பென்னி. உள்ளே போன ஷெல்டனுக்கு, கந்தல்கோலமாகக் கிடந்த வீட்டைப் பார்த்ததும் தூக்கமே போய்விடுகிறது. ராத்திரியோடு ராத்திரியாக, அவள் தூங்கும்போதே உள்ளே புகுந்து சுத்தம் செய்கிறான்! தேடிப்போன லெனார்டும் கூடச் சேர்ந்துகொள்கிறான். காலையில் வீடு பளபள! பென்னி நன்றி சொன்னாளா? கத்தித் தீர்த்துவிட்டாள்.

ஏன்? தான் தூங்கும்போது இருவர் உள்ளே நடமாடியிருக்கிறார்கள் என்றால், எந்தப் பெண்ணுக்குத்தான் பதறாது? நாமும் இதைச் செய்கிறோமே! காலேஜ் போன மகளின் பீரோவை ‘ஒழுங்கு பண்ணுகிறேன்’ என்று குடைகிறோம். அவள் முகம் சுருங்கினால், ‘நல்லதுக்குத்தானே செஞ்சேன்?’ என்று நாமே கோபித்துக்கொள்கிறோம்.

விதியை ஒருவரே எழுதினால்?

ஷெல்டனிடம் ஒரு ‘ரூம்மேட் ஒப்பந்தம்’ உண்டு. அறையின் வெப்பநிலைகூட அதன்படிதான்! சிரிப்பாக இருந்தாலும் ஒரு நன்மை உண்டு. எனக்கு என்ன பிடிக்காது என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. குறை என்ன? எழுதியது ஒருத்தன், பணிவது இன்னொருத்தன்.

2012-ல் வந்த ஓர் எபிசோடில் லெனார்டுக்குப் பொறுமை போய்விடுகிறது. ‘இனி நட்பு வேண்டாம், வெறும் ரூம்மேட்’ என்று ஆகிவிடுகிறது. காரில் கூட்டிப்போக ஆளில்லாமல் திண்டாடுகிறான் ஷெல்டன். கடைசியில் சமாதானம். வருஷத்தில் ஒருநாள் ‘லெனார்ட் தினம்’ கொண்டாடி, அவன் செய்வதற்கெல்லாம் நன்றி சொல்வதாக ஏற்பாடு! லெனார்டுக்கு வேண்டியிருந்தது ஒரு ‘தேங்க்ஸ்’, அவ்வளவுதான்.

கிறுக்குத்தனத்துக்குப் பின்னால்...

யார் வீட்டுக்குப் போனாலும் மூன்று தடவை தட்டி, மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிடுவான் ஷெல்டன். பல வருஷம் அதை வேடிக்கையாகவே பார்த்தார்கள் ரசிகர்கள். பத்தாவது சீசனில் காரணம் வெளிவந்தது. 13 வயதில் தட்டாமல் கதவைத் திறந்தபோது, அப்பாவை வேறொரு பெண்ணுடன் பார்த்துவிட்டானாம். அன்றிலிருந்து முதல் தட்டு வழக்கத்துக்கு. மற்ற இரண்டும் உள்ளே இருப்பவர்கள் உடையைச் சரிசெய்துகொள்வதற்கு!

உங்கள் மாமியாரின் பிடிவாதத்துக்கும், கணவரின் ‘என் சேரில் உட்காராதே’க்கும் பின்னால் என்ன இருக்கிறதோ, யார் கண்டது? காரணம் தெரிந்தால்தான் மதிப்பேன் என்று காத்திருக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* மகனோ மகளோ அறைக்குள் இருந்தால், தட்டிவிட்டு நுழையுங்கள். பதிலுக்கு ஒரு நிமிஷம் பொறுங்கள்.

* பிடிக்காததை முதல் தடவையே நிதானமாகச் சொல்லிவிடுங்கள். அடக்கி வைத்த எரிச்சல் தூக்கத்தைக் கெடுக்கும், பிறகு எங்கேயோ வெடிக்கும்.

* வீட்டு விதிகளை எல்லோரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். சின்னவர்களுக்கும் ஓட்டு உண்டு!

* ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளையிடம், ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்பதோடு, ‘முடியாததை முடியாதுன்னு சொல்லு’ என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

* தினமும் உங்களுக்காக ஏதாவது செய்கிறவரிடம், இன்றைக்கே ஒரு ‘தேங்க்ஸ்’ சொல்லிவிடுங்கள். அதற்கு வருஷத்தில் ஒருநாள் போதாது!